மோட்டார் கொட்டகைப் பூட்டு

வங்கியில் லாக்கர் சாவியோடு காலம் தள்ளியவன் நான். போன மாதம் என் மோட்டார் கொட்டகைப் பூட்டே திறக்கவில்லை. பாசனத்தோடு விட 200 லிட்டர் ஜீவாமிர்தம் தயார். நெல் வயலோ காய்கிறது. அவசரத்தில் சாவியை முறுக்கினேன்.

"விடுங்க சார், உள்ளேயே முறிஞ்சிடும்" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

சாவி ஓட்டையிலும், வளைகம்பி நுழையும் இடத்திலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டார். (டீசலும் விடலாம்.) கால் மணி நேரம் கழித்து, மரக்கட்டையால் பூட்டின் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, சாவியை இரண்டு பக்கமும் அசைத்தார். திறந்துகொண்டது. அதற்கும் மசியாவிட்டால் ஆக்சா பிளேடால் கம்பியை அறுக்க வேண்டியதுதான்.

சமையல் எண்ணெய் விடாதீங்க. பிசினாகித் தூசியைப் பிடிக்கும். பூட்டு காய்ந்ததும் பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவிப் போட்டு எடுங்க. மேலே பழைய டியூப் துண்டு தொங்கவிட்டால் மழைத்தண்ணி இறங்காது.