கொல்லைப்புறத்து இலைகளும் கோடைக்காலச் சமையலும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமது கிராமங்களில் எந்தக் கொல்லையை நோக்கினாலும் முருங்கையும் கறிவேப்பிலையும் தழைத்து நிற்கும். வேண்டிய அளவு பறித்தது போக, மிகுந்த இலைகள் முற்றிப் பழுத்து உதிர்ந்து வீணாகின்றன. நீர் வசதியில்லாத அதே வீட்டில், சித்திரை பிறந்துவிட்டால் ரசத்திற்கு வேண்டிய ஓர் இணுக்குக் கறிவேப்பிலைக்கும் காசு தேவைப்படுகிறது. வாரத்திற்கு இருமுறை 10 ரூபாய் வீதம் என்று வைத்துக்கொண்டால், கோடையின் 13 வாரங்களில் அது 260 ரூபாய் ஆகிறது. மழைக்காலத்தில் மிகுந்ததைக் கோடைக்கு வைத்துக்கொள்வது கடினமான காரியமன்று. ஆனால் அது பெரும்பாலும் தவறான முறையில் செய்யப்படுவதால், இலையின் நிறமும் குணமும் ஒருங்கே போய்விடுகின்றன.

இவ்விலைகள் வாசனைக்கு மாத்திரமே என்று எண்ணுவது பிழை. குன்னூரிலிருந்த போஷணை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைக் குறித்து 1937-ஆம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்நிலையம் பிற்காலத்தில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அங்கு மீண்டும் கணிக்கப்பட்ட அளவுகளின்படி, 100 கிராம் பசும்பாலில் சுண்ணாம்புச் சத்து சுமார் 120 மில்லிகிராம் இருக்க, அதே எடையுள்ள முருங்கைக் கீரையில் சுமார் 440 மில்லிகிராமும், கறிவேப்பிலையில் சுமார் 830 மில்லிகிராமும் உள்ளன. கறிவேப்பிலையை ஒருவர் ஒரு வேளையில் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் உண்பதில்லையாதலால், அதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. பிடி பிடியாக உண்ணத்தக்க முருங்கை, தண்டு, அரை முதலிய கீரைகளே நாள்தோறும் கைகொடுப்பவை.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது, பச்சை இலைகளில் நிறைந்திருக்கும் கரோட்டின் என்னும் பொருளாகும். இது உடலில் சேர்ந்து 'ஏ' வைட்டமினாக மாறுகிறது. இச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகிறது. விளக்கேற்றும் வேளையில் குழந்தை வாசற்படியில் இடறுவதைக் கண்டு, விளையாட்டுப் புத்தி என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் உண்டு. நோய் முற்றினால் கருவிழி புண்ணாகிப் பார்வையே போய்விடும். 1970 முதல் இந்திய அரசாங்கம் குழந்தைகளுக்கு 'ஏ' வைட்டமின் திரவம் கொடுக்கும் திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. மாலைக்கண்ணின் குறி தோன்றிய குழந்தையைக் கீரையை நம்பி வீட்டில் வைத்திராமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அந்நோய் வாராமல் காப்பதே கீரையின் வேலை.

பச்சை இலைகளைச் சமைப்பதில் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். இலைகளை நறுக்குவதற்கு முன்னரே கழுவிவிட வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போகும். கீரையைச் சிறிதளவு நீரில், பாத்திரத்தை மூடி, வெந்தவுடன் இறக்குதல் நலம். வெந்த நீரைக் கொட்டுவது பொருளைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். கரோட்டின் உடலில் சேர்வதற்குக் கொழுப்பு வேண்டுமாதலால், கீரையுடன் ஒரு கரண்டி எண்ணெயோ தேங்காய்த் துருவலோ சேர்ப்பது ஆடம்பரமன்று, அவசியமேயாகும். கொத்தமல்லித் தழையின் மணம் சூட்டில் விரைவாக நீங்கிவிடும். ஆகையால் குழம்பையும் ரசத்தையும் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே அதனைத் தூவ வேண்டும். கறிவேப்பிலையோ காய்ந்த எண்ணெயில் பொரிந்தால்தான் தன் மணத்தைக் கொடுக்கும்.

இனி உலர்த்தும் முறையைக் கூறுவோம். மழை ஓய்ந்து வானம் வெளுத்த நாட்களே இதற்கு ஏற்றவை. ஈரக்காற்றில் உலர்த்தினால் பூசணம் பிடிக்கும். காலையில் பனி நீங்கிய பின் நோயற்ற இலைகளைக் காம்போடு பறித்து, இரண்டு மூன்று முறை கழுவி, நீர் வடியவிட வேண்டும். பின்னர் உருவி, தூய வெள்ளைத் துணியில் மெல்லியதாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள அறையிலோ தாழ்வாரத்திலோ நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் வேலை விரைவில் முடியும் என்பது உண்மையே. ஆனால் கரோட்டினை வெயில் அழித்துவிடும். பழுப்பேறி வெளுத்த இலை அதற்குச் சாட்சி. காலையும் மாலையும் கிளறிவிட்டு வந்தால் மூன்று முதல் ஐந்து நாட்களில் இலை உலர்ந்துவிடும். விரலிடையில் நசுக்கும்போது சலசலவென்று பொடிந்தால் பதம் சரி. துவண்டால் இன்னும் ஒரு நாள் வேண்டும்.

முருங்கைக் கீரையின் எடையில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீரேயாதலால், ஒரு கிலோ பச்சை இலைக்குச் சுமார் கால் கிலோ உலர்ந்த இலை கிடைக்கும். அதனை ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஈரக்கை படலாகாது. பூசண வாடை வீசுமாயின் முழுவதையும் எறிந்துவிடல் வேண்டும்.

எல்லா இலைகளும் உலர்த்துவதற்கு உரியன அல்ல. கொத்தமல்லித் தழை உலர்ந்தால் மணமற்ற சருகாகிவிடும். புதினா தன் மணத்தைப் பெரிதும் காத்துக்கொள்ளும். உலர்ந்த கறிவேப்பிலையை வறுத்த உளுந்து, மிளகு, உப்புடன் இடித்துப் பொடியாக்கினால், இலையின் ஓரத்தில் ஒதுக்கித் தள்ளப்படும் அப்பொருள் சோற்றோடு உள்ளே செல்லும். முருங்கைப் பொடியை அடை மாவிலும் பருப்பிலும், இறக்கும் தறுவாயில் ஒரு கரண்டி சேர்க்கலாம். பங்குனியில் உதிரும் வேப்பம்பூவை உலர்த்தி வைத்து ஆண்டு முழுதும் ரசம் வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார் அறிந்ததே; இதுவும் அதன் தொடர்ச்சியேயன்றிப் புதுமையன்று.

எனினும் உலர்ந்த இலை பச்சை இலைக்கு முழு ஈடாகாது. சுண்ணாம்பும் இரும்பும் தங்கிவிடும். கரோட்டினில் ஒரு பகுதி தங்கும். 'சி' வைட்டமினோ பெரும்பாலும் அழிந்துபோகும். ஆதலால் கோடையில் பொடியை உபயோகிப்போர் எலுமிச்சையையோ நெல்லிக்காயையோ உடன் சேர்த்துக்கொள்வது நலம்.

பச்சை இலையே வருஷம் முழுவதும் கிடைக்கச் செய்வதற்கும் வழியுண்டு. பாத்திரம் கழுவிய நீர் செல்லும் இடத்தில் ஒரு முருங்கைப் போத்தை நட்டால் அது வேர் பிடித்துவிடும். புதினாத் தண்டும் அவ்வாறே. கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைத்தால் சுமார் 40 நாட்களில் தழை பறிக்கலாம். ஓர் அங்கத்தினர் தனியே நாற்று வாங்கச் செல்வதினும், சங்கத்தின் கூட்டத்தில் பெயர் கொடுத்துச் சேர்ந்து வாங்குவது செலவைக் குறைக்கும். சேமிப்பு என்பது பணத்தை மட்டும் குறித்ததன்று. மழையில் வீணாகும் இலையைக் கோடைக்கு வைக்கும் குடும்பம், தன் குழந்தையின் கண்ணுக்கும் சேர்த்தே சேமிக்கிறது.