உங்களுக்குத் தெரியுமா? எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த வால்வ் ஆம்ப்?

● 50 வாட் ஆம்பை விட 100 வாட் ஆம்ப் இரு மடங்கு சத்தமாகக் கேட்காது. இரண்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான். சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று காதுக்குப் படும், அவ்வளவே. இரு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். 5 வாட்டின் இரட்டிப்புச் சத்தம் 50 வாட்டில்தான் வரும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எலெக்ட்ரிக் கிட்டார் கையில் எடுக்கும் தம்பி தங்கைகள் கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

● 5 வாட் என்பது சின்ன எண் இல்லை. நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை கத்தும். 5 வாட் முழுதாகப் போனால் 104 டெசிபலையாவது எட்டிவிடும். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நம் தெரு வீடுகளில் அதுவே அதிகம்.

● வால்வ் ஆம்பின் (கடைகளில் டியூப் ஆம்ப் என்பதும் இதுதான்) அருமை அதை முடுக்கும்போதுதான் தெரியும். டிரான்சிஸ்டர் ஆம்ப் தன் எல்லையைத் தொட்டதும் ஒலி அலையின் தலையை வெட்டினாற்போல் தட்டையாக்கிவிடுகிறது, காதில் கரகரப்பு. வால்வ் அப்படி ஒரேயடியாக வெட்டாது. எல்லையை நெருங்க நெருங்க அலையின் முனையைச் சிறிது சிறிதாக மழுக்கும். அப்போது மூல சுரத்தோடு அதன் மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து எழும்; சுரம் தடித்து, நீண்டு நிற்கும். மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் உறுமல் என்று விரலுக்கு விரல் ஒலி மாறுவது இதனால்தான்.

இந்த இடத்துக்கு ஆம்பைக் கொண்டுபோக வால்யூமை ஏற்றியாக வேண்டும். 100 வாட் ஆம்பை வீட்டில் வைத்துக்கொண்டு குமிழை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியாமல் வாசிப்பவருக்கு, வாங்கிய பொருளின் உயிர்ப்பகுதி கடைசி வரை கேட்காமலே போகும்.

● பீட்டில்ஸ் இசைத்த வாக்ஸ் ஏசி 30 ஆம்பில் இருப்பவை நான்கு இஎல் 84 வால்வுகள். அதே இஎல் 84தான் அந்தக்கால வால்வ் ரேடியோக்கள் பலவற்றிலும் ஸ்பீக்கரை இயக்கியது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ரேடியோ வால்வுகளைச் செய்துவந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையையும், 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியையும் நம் தாத்தா பாட்டிகள் பலர் கேட்டது இப்படிப்பட்ட வால்வுகள் வழியாகத்தான். பரணில் பழைய ரேடியோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வால்வுகளை நன்கு தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம்.

● கிட்டாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) எது என்று தெரியாமல் ஆம்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பது சிங்கிள் காயில்: மெல்லிய, பளிச்சென்ற ஒலி, சிக்னல் குறைவு. கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் உருவாக்கிய ஹம்பக்கரில் இரண்டு காயில்கள்: ஒலி தடிப்பு, சிக்னல் அதிகம். அதிக சிக்னல் வால்வை சீக்கிரமே முடுக்கிவிடும். எனவே ஹம்பக்கர் கிட்டாரில் தெளிந்த ஒலி வேண்டுபவர் சற்றுக் கூடுதல் வாட் உள்ள ஆம்பைப் பார்க்கலாம். சிங்கிள் காயில் கிட்டாரில் உறுமல் வேண்டுபவருக்குக் குறைந்த வாட்தான் பொருந்தும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

● லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் 1960களின் தொடக்கத்தில் தன் முதல் ஆம்பைச் செய்ய வைத்தார். சர்க்யூட் ஏறக்குறைய ஒன்றே. வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் மாறின, குரலே மாறிவிட்டது. ராக் இசையின் ஒரு பாதி அங்கிருந்து பிறந்தது. சிங்கிள் காயில் கிட்டாரை மார்ஷலில் செருகி உலகை அதிர வைத்தவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். அவருடைய முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹென்ட்ரிக்ஸ்!

● சிங்கிள் காயில் கிட்டாரோடு டியூப்லைட் சோக், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும். ஆம்பில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போகும் முன் கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். திசைக்குத் திசை இரைச்சல் கூடிக் குறைந்தால் குற்றம் ஆம்பில் இல்லை. ஹம்பக்கரில் இரண்டு காயில்களும் எதிரெதிராக இணைந்திருப்பதால் இந்த இரைச்சல் தானே அடங்கிவிடும்.

● கர்நாடக இசை வாசிப்பவர் தேட வேண்டிய ஆம்ப் வேறு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) நான்கு ஜோடித் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு மாறி, எலெக்ட்ரிக் மாண்டலினைக் கையில் எடுத்தார். தந்தி ஒலி சட்டென்று அணைந்துவிட்டால் கமகம் நிற்காது; மின்சாரம் அந்த நீட்சியைத் தந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையைக் கொண்டுவந்த பிரசன்னா, ஐஐடி மெட்ராஸில் கப்பல் பொறியியல் படித்தவர். உறுமும் ஆம்பில் இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக நாம் வாசிக்காத அதிர்வுகள் உள்ளே புகும். ச–ப சேர்ந்தால் தாங்கும். மற்ற இணைகள் பல கலங்கிப்போகும். ராகத்தில் இல்லாத ஒலி ராகத்துக்குள் வருவதை எந்த ரசிகரும் பொறுக்கமாட்டார். ஆகவே இங்கே 6 எல் 6 வால்வுகள் கொண்ட, எளிதில் உறுமாத தெளிந்த ஆம்புக்கே என் ஓட்டு.

● மேடையில் எர்த் இல்லாத ஆம்ப் ஆளைக் கொல்லும். 1972 மே 3 அன்று பிரிட்டனின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்தார். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிள் வழியாகவும் ஆம்பின் உலோகக் கூட்டோடு இணைந்தவை. ஒரு கை தந்தியில், உதடு மைக்கில். இரண்டில் எது பழுதானாலும் கரண்ட் போகும் வழி உங்கள் உடம்புதான்.

ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் சேரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, ராஜபாளையத்துக் கோயில் கொடையிலோ மெல்லிசைக் கச்சேரி வாசிப்பவர்கள் இதை உயிர்க்கடமையாகக் கொள்ள வேண்டும். மூன்று பின்னில் பெரிய பின்னை உடைத்து இரண்டு பின் பிளக்கில் செருகவே கூடாது. ஆம்பும் மைக்செட்டும் எர்த் உள்ள ஒரே லைனிலிருந்து வரட்டும். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும். ஜெனரேட்டருக்கும் எர்த் வேண்டும். பாடும் முன் டெஸ்டரை மைக் வலையில் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பாட்டைத் தொடங்காதீர்கள். மழை நனைத்த மேடையில் யார் கட்டாயப்படுத்தினாலும் ஏறாதீர்கள்.

● அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பொசுங்கிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்ததென்றால் நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்தால் இந்தக் கவலை இல்லை. அங்கும் 230 வோல்ட்தான். பின்பக்க லேபிளை மட்டும் படித்துவிடுங்கள்.

● லைனில் 230க்குப் பதில் 250 வோல்ட் வந்தால், வால்வின் ஹீட்டருக்குப் போக வேண்டிய 6.3 வோல்ட் 6.8ஐத் தாண்டும். உள்ளே இருக்கும் 400 வோல்ட் 435 ஆகும். வால்வின் ஆயுள் தேயும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் ஸ்டெபிலைசர் வீண்செலவு ஆகாது.

● ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வ் ஆம்பை ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் துளையில் செருகுங்கள். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள்.

● அணைத்த பிறகும் ஆம்பின் கெப்பாசிட்டர்களில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அதனால் ஆம்பையும் நீங்களாகத் திறக்க வேண்டாம்.

● ராஜபாளையம் மில்களும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறிகளும் இருக்கும் பகுதியில் பஞ்சுத் தூசி காற்றோடு வரும். வால்வ் ஆம்ப் தன் சூட்டை மேல்பக்கக் காற்றுத்துளைகள் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. தூசி அங்கே படிந்தால் அடைத்துவிடும். வாசித்து முடித்து நன்றாக ஆறிய பிறகே உறை போட்டு மூடுங்கள். வாசிக்கும்போது சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

● 15 வாட் ஆம்பை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் கூடும் கச்சேரியில் வாசிக்கலாம். ஸ்பீக்கருக்கு முன் ஷூர் எஸ்எம் 57 போன்ற ஒரு மைக்கை வைத்து மைக்செட்டில் கொடுத்தால் போதும். ராஜபாளையம் காந்தி கலை மன்றம் போன்ற அரங்குக்கும் அந்த வழியே சிறந்தது. ஆகவே நம் ஊர்களில் வீட்டுக்கும் மேடைக்கும் ஒரே ஆம்ப் வாங்குபவருக்கு என் முடிவு: 5 முதல் 15 வாட்டுக்குள், இஎல் 84 அல்லது 6 வி 6 வால்வுகள், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. மதுரைக்கோ சென்னைக்கோ வாங்கப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். கடைக்காரர் நீட்டும் விலையுயர்ந்த கிட்டாரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டாதீர்கள்.