நீர் மாறிய நாற்றுக்கள்

நாற்றைப் பிடுங்கி நடும் வித்தையை நம் உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால், மண்ணையே காணாது உப்புக்கள் கரைந்த நீரிலே முளைத்த நாற்றை வேறொரு நீருக்கு மாற்றுவதெங்ஙனம்? நீரிலிருந்து நீருக்குத்தானே, இதிலென்ன சங்கடம் என்றே யானும் எண்ணியிருந்தேன். பன்னிரண்டு சலாது நாற்றுக்கள் மறுநாட் பிற்பகலில் தலைசாய்ந்து கிடந்தபோதுதான் அவ்வெண்ணம் அகன்றது.

நீரில் பயிர் வளர்த்தல் புதுமையன்று. 1699இல் வூட்வார்ட் என்னும் ஆங்கில அறிஞர் புதினாவை நீரிலே வளர்த்துச் சோதித்தார். 1860இல் ஜெர்மானியரான சாக்ஸ், செடிக்கு வேண்டிய உப்புக்களைக் கரைத்த கரைசலொன்றை வெளியிட்டார். யான் கைக்கொண்டதோ ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக் கிராட்கி வகுத்த எளிய முறை. மின்சாரமும் வேண்டா, பம்பியும் வேண்டா. மூடிய பாத்திரத்தில் கரைசலை நிரப்பி, மூடியின் துவாரத்திலே நாற்றை நிறுத்தினாற் போதும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் தாழும்; மேலே ஈரக் காற்று தங்கும் இடைவெளி உண்டாகும். அவ்விடைவெளியிலே தொங்கும் வேர்கள் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பெறும். அடியிலுள்ளவை நீரையும் உப்பையும் பெறும். ஒரே செடியின் வேர்கள் இவ்வாறு தொழிலைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

யான் செய்த பிழை இதுவே: நாற்றுக்களைப் பெரிய தொட்டிக்கு மாற்றியபோது, தாகத்தோடு வந்தவை என்றெண்ணிக் கழுத்துமட்டும் நீர் நிரப்பினேன். காற்றிற் பழகிய மேல்வேர்கள் மூழ்கின. மூச்சடங்கிய வேர் நீரை உறிஞ்சாது; எனவே நீரில் நின்றும் செடி வாடியது! நெல் மாத்திரம் எவ்வாறு வெள்ளத்தில் நிற்கின்றது என்று கேட்பீர்கள். அதன் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் துளைவழிகள் உள்ளன. சலாது அத்துணைப் பேறு பெற்றதன்று.

வெப்பமும் பகையாயிற்று. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும்; 30 பாகையிலே ஏழரைதான். வேரின் தேவையோ வெப்பத்தோடு கூடுகின்றது. கரைசலின் செறிவையும் மறத்தலாகாது. பழைய நீரினும் புதியது மிக உவர்ப்பாயின், உப்பிட்ட எலுமிச்சை நீர் விடுவதுபோல் வேரும் தன் நீரை இழக்கும்.

இரண்டாம் முறை வெயில் தாழ்ந்தபின் மாற்றினேன். வேரைப் பற்றியிருந்த பஞ்சுக்கட்டியைப் பிரிக்கவில்லை. கரைசலைப் பாதிச் செறிவாக்கி, பழைய பாத்திரத்தில் நீர் நின்ற அடையாளத்துக்கு இரு விரற்கடை கீழாகவே நிறுத்தினேன். அன்றிரவு மூடியைத் தூக்கிப் பார்க்கும் ஆவலை அடக்குவதே பெரும்பாடாயிற்று. நான்காம் நாட் காலையில் பார்த்தபோது, பழுப்பேறிய பழைய வேர்களினிடையே வெண்ணூல் போன்ற புதுவேர் நுனிகள் நீரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.