டோக்கன் யார் டிராயரில் இருக்கிறது?

தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை பிரைவேட் லிமிடெட் ஆகும்போது முதலாளிக்குப் பென் டிரைவ் அளவில் ஒரு டோக்கன் வந்துசேர்கிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கும் கம்பெனிப் பதிவுக்கும் அவர் டிஜிட்டல் கையெழுத்து அதுதான்; அதற்கான சாவியும் சான்றிதழும் அதற்குள்தான். ஆனால் வந்த வேகத்தில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்விடுகிறது. பின் நம்பரும் அதன் மேலேயே ஒட்டியிருக்கும்.

தொலைந்தால்? கையெழுத்துச் சாவிக்கு நகல் இல்லை. டோக்கனுக்குள்ளேயே உருவாகி, வெளியே எடுக்க முடியாமல் இருப்பது அது. சான்றிதழை ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்கலாம். முன்பு போட்ட கையெழுத்துகள் செல்லும்.

டெண்டருக்காகச் சேர்த்து வாங்கும் குறியாக்கச் சான்றிதழ் விஷயம் வேறு. அதில் பூட்டிய கோப்பை அதே ஜோடிச் சாவிதான் திறக்கும். பெயரும் பான் எண்ணும் அதேதான் என்றாலும் புதுச் சான்றிதழின் சாவி பழைய கோப்பைத் திறக்காது. பின்னைப் பலமுறை தப்பாகப் போட்டுப் பூட்டிக்கொண்ட டோக்கனை மறுபடி ஃபார்மட் செய்தாலும் உள்ளே இருந்தது போய்விடும். அதனால் டோக்கனில் ஏற்றுவதற்கு முன்பே அந்தச் சாவியை பிஎஃப்எக்ஸ் கோப்பாக, வலுவான பாஸ்வேர்டு போட்டு எடுத்து வைக்க வேண்டும். பிறகு டோக்கன் தொலைந்தாலும் அந்தக் கோப்பைப் புது டோக்கனில் ஏற்றினால் போதும். சான்றிதழ் காலாவதியான பின்னும் பழைய கோப்புகளைத் திறக்க அந்தச் சாவி வேண்டும்.

அந்த நகலும் ஆடிட்டர் கம்ப்யூட்டரில்தானே கிடக்கிறது! என் கவலை அதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42 தெளிவாகச் சொல்கிறது: சாவியைக் காப்பது அதன் உரிமையாளர் பொறுப்பு. அது பிறர் கைக்குப் போனதைச் சான்றிதழ் தந்த நிறுவனத்திடம் தெரிவிக்கும்வரை விளைவுக்கும் அவரே பொறுப்பு. டிராயரிலிருந்து டோக்கன் காணாமல் போனது முதலாளிக்கே தெரியாதபோது யார் போய்த் தெரிவிப்பது? அதற்குள் அவர் பெயரில் எத்தனை கையெழுத்து விழுந்திருக்கும்?

ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கான 20ஆம் தேதி நெருக்கடியில் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தேடி அலைய முடியாது என்பார்கள் ஆடிட்டர்கள். சிரமம்தான். அதற்காக ஒருவரின் கையெழுத்து இன்னொருவர் மேசையில் கிடக்கலாமா?

டோக்கனை இந்த வாரமே திரும்பக் கேளுங்கள், பின்னை மாற்றுங்கள். பிஎஃப்எக்ஸ் நகலை இரண்டு இடத்திலும், பாஸ்வேர்டை மூன்றாவது இடத்திலும் வையுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலை ஏற்றி, பழைய கோப்பு ஒன்று திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து அதை அழித்துவிடுங்கள்.