மகள் வயிற்றுப் பேரர்கள்

புதுச்சேரிக்கு வடக்கே, பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் நிற்பவருக்கு இரண்டு பழைய துறைமுகங்கள் அண்டை வீடுகள் போன்றவை. தெற்கே அரிக்கமேடு, 1945-ல் வீலர் துரை அங்கே தோண்டியபோது இத்தாலியில் வனைந்த சிவப்பு மட்கலங்களின் துண்டுகள் வெளிவந்தன. வடக்கே உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணம். கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்த சோபட்மா இதுவே என்று கருதுவோர் உண்டு. முத்தையும் மெல்லிய துணியையும் நாடித் தமிழகம் வந்த யவனர்கள், தங்கள் சக்கரவர்த்தியின் குடும்ப விவகாரத்தையும் கையோடு கொண்டு வந்தார்கள் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. வெள்ளிக் காசில் அச்சிட்டே கொண்டு வந்தார்கள்.

கோயம்புத்தூரைச் சுற்றிய கொங்கு பூமியில் ரோமாபுரிக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மிகுதியாகக் காணப்படும் ஒருவகைக் காசின் முன்புறம் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தலை. பின்புறம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள். காயஸ், லூஸியஸ் என்பன அவர்களுடைய பெயர்கள். 'அகஸ்டஸின் குமாரர்கள்' என்று காசின் எழுத்து கூறுகிறது. ஆனால் அவர்கள் குமாரர்கள் அல்லர். மகள் வயிற்றுப் பேரர்கள்.

அகஸ்டஸுக்கு ஆண் சந்ததி இல்லை. இருந்தவள் ஜூலியா என்ற ஒரே மகள். அவளை முதலில் தன் தமக்கை மகன் மார்ஸெல்லஸுக்கு மணம் செய்து வைத்தான். அத்தை மகனுக்குப் பெண் கொடுப்பது நம் வீடுகளில் நடப்பதுதானே! அவன் இரண்டே ஆண்டுகளில் இறந்தான். பிறகு தகப்பன் வயதை ஒத்த அக்ரிப்பா என்ற சேனாபதிக்குக் கொடுத்தான். அவர்களுக்குப் பிறந்த இவ்விரு பிள்ளைகளையும் கி.மு. 17-ல் தானே ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டான். அக்ரிப்பாவும் மாண்டபின், தன் மனைவி லிவியாவுக்கு முதல் கணவனிடம் பிறந்த டைபீரியஸுக்கு அவளை மூன்றாம் முறையாக மணம் செய்வித்தான். ஒவ்வொரு முறையும் மாறியது மாப்பிள்ளைதான், காரியம் ஒன்றே.

மேற்சொன்ன காசு கி.மு. 2-ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஜூலியா ஒழுக்கம் தவறினாள் என்று குற்றஞ்சாட்டித் தகப்பனே அவளைப் பண்டடேரியா என்னும் சிறு தீவுக்கு நாடு கடத்தினான். பிள்ளைகள் காசில் ஏறினார்கள். பெற்றவள் தீவில் இறங்கினாள். கி.பி. 2-ல் லூஸியஸும் கி.பி. 4-ல் காயஸும் இறந்துபோக, அகஸ்டஸ் வேறு வழியின்றி டைபீரியஸையே ஸ்வீகாரம் செய்தான். டைபீரியஸின் காசுகளும் நம் நாட்டுப் புதையல்களில் ஏராளம். அவற்றின் பின்புறம் வீற்றிருக்கும் மாது அவன் தாய் லிவியாவே என்பது பலருடைய கருத்து. இறந்த பேரர்களும் வென்ற மாற்றாந்தாயும் கொங்கு நாட்டு மண்ணில் ஒரே பானைக்குள் கிடந்தார்கள்!

ரோமாபுரியில் கைகூடாத மகள்வழிப் பட்டம் சோழ நாட்டில் கைகூடியது. நம் குழந்தைகள் சீஸர்களின் பெயர்களை ஒப்பிக்கிறார்கள். வேங்கியைக் கேட்டால் விழிக்கிறார்கள். ஆகையால் சிறிது விரித்துச் சொல்கிறோம். முதல் ராஜராஜன் தன் மகள் குந்தவையை (தமக்கை குந்தவைப் பிராட்டி வேறு) வேங்கி நாட்டுக் கீழைச் சளுக்கிய வேந்தன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன், மாமன் மகளாகிய அம்மங்கதேவியை மணந்தான். அவள் கங்கைகொண்ட சோழனின் புதல்வி. அம்மங்கதேவியின் மகனே பிற்காலத்தில் முதல் குலோத்துங்கன் என்று புகழ்பெற்றவன். அவனும் தன் மாமன் இரண்டாம் ராஜேந்திரன் மகள் மதுராந்தகியையே மணந்தான். இவ்வாறு தலைமுறை தலைமுறையாக முறைப்பெண் உறவு கோதாவரிக்கும் காவிரிக்கும் இடையே பாலம் கட்டிற்று.

கங்கைகொண்ட சோழனுக்குப் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் என்று மூன்று சகோதரர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். 1054-ல் கொப்பம் போர்க்களத்தில் மூத்தவன் யானைமேல் உயிர் துறக்க, இளையவன் அங்கேயே முடி சூடினான். 1070-ல் வீரராஜேந்திரன் மறைந்தான். அவன் மருமகனான மேலைச் சளுக்கிய விக்கிரமாதித்தன் தெற்கே வந்து மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்திச் சென்றான் என்று அவனுடைய ஆஸ்தான கவி பில்ஹணர் எழுதுகிறார். சில மாதங்களுக்குள் அதிராஜேந்திரன் கலகத்தில் மாண்டான். வேங்கிப் பேரன் சோழ சிம்மாசனம் ஏறினான்.

அந்த மரணத்தில் குலோத்துங்கனுக்குப் பங்கே இல்லை என்று சாட்சி சொல்ல நாம் முன்வரவில்லை. லாபம் அவனுக்குத்தான் கிட்டியது. கலிங்கத்துப் பரணி பாடிய ஜெயங்கொண்டாரோ, பாட்டியாகிய சோழமாதேவி குழந்தையின் அங்க லக்ஷணங்களைக் கண்டு, இவன் நமக்கு மகனாகி நம் குலத்தை உயர்த்தத் தக்கவன் என்று அகமகிழ்ந்ததாகச் சொல்கிறார். ஸ்வீகாரம் உண்மையில் நடந்ததா என்பதில் சரித்திர ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அகஸ்டஸ் காசில் பொறித்ததைப் புலவர் பாட்டில் பொறித்தார் என்பதே நம் எண்ணம். எப்படியாயினும் ஐம்பது ஆண்டுக்காலம் ஆண்டான். சுங்கம் தவிர்த்தவன் என்று குடிகள் வாழ்த்தினர். 1077-ல் சீனத்துக்குத் தூது சென்றது.

தாயை ஈன்ற நாட்டை ஆள வந்தவன், தந்தை நாடாகிய வேங்கிக்குத் தன் பிள்ளைகளையே பிரதிநிதிகளாக அனுப்பினான். முதலில் சென்றவன் ராஜராஜ மும்முடிச் சோழன். ஓராண்டுதான் இருந்தான். பெற்றோரின் பாதசேவைக்கு அரசுரிமை ஈடாகாதென்று எண்ணித் திரும்பி வந்துவிட்டான் என்று சளுக்கிய செப்பேடு கூறுகிறது. அடுத்த மகன் வீரசோழன் புறப்பட்டுப் போனான்.