தக்ளியும் ஊசியும் வகுப்பறைக்குள் வரட்டும்

மேல்மலைக் கிராமங்களில் மார்கழி, தை மாதங்களில் ஸ்வெட்டர் இல்லாமல் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. ஆனால் அந்தக் கம்பளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "கடையிலிருந்து" என்கிறார்கள். இத்தனைக்கும் கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில், மன்னவனூரில், மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. கம்பளிக்கான பாரத் மெரினோ ஆடுகள் அங்கே வளர்க்கப்படுகின்றன.

இந்த மலைப்பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் கற்பிக்கிறேன். வாரம் ஒரு பாடவேளை நூற்பு, தையல் மூலம் பாடம் நடத்துகிறோம். எங்களுக்குப் பயன்பட்ட வழிகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

பெற்றோரின் கேள்வி

"படிக்கத்தானே சார் அனுப்புறோம், ஊசி பிடிக்கவா?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் தக்ளி முக்கிய இடம் பெற்றது. ஆனால் 1953இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்ன திட்டத்தைத் தமிழகம் குலக்கல்வி என்று எதிர்த்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

அந்த வரலாற்றை மறக்காமல் நாங்கள் மூன்று விதிகளை வைத்துக்கொண்டோம். ஆண், பெண் வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். பாடவேளைக்குள்ளேயே செய்ய வேண்டும். ஒவ்வொரு வேலையும் ஒரு பாடக் கருத்தில் முடிய வேண்டும். இதை விளக்கியபின் அந்தத் தந்தையே வீட்டிலிருந்து பழைய புடவை கொடுத்தனுப்பினார்.

தக்ளி செய்யும் முறை

பென்சில் கனத்தில் 30 செ.மீ. மூங்கில் குச்சி, ஒரு பழைய சி.டி., சைக்கிள் டியூப் துண்டு போதும். குச்சியின் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் டியூப் துண்டைச் சுற்றி, அதன்மேல் சி.டி.யை இறுக்கமாகப் பொருத்துங்கள். மேல் நுனியில் நூல் மாட்ட ஒரு வெட்டு கொடுங்கள்.

• ஆட்டுக் கம்பளியை வெந்நீரில் சோப்பு கரைத்து ஊற வையுங்கள். இந்த வேலையை ஆசிரியரே செய்யட்டும். கசக்கக் கூடாது, கசக்கினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கம்பளி கட்டியாகிவிடும்.

• காய்ந்தபின் விரலால் பிரித்துப் பஞ்சுபோல் ஆக்குங்கள்.

• சி.டி.க்கு மேலே அரை மீட்டர் நூலைக் கட்டி, மேல் வெட்டில் மாட்டுங்கள். நூலின் நுனியைக் கம்பளியோடு சேர்த்துப் பிடித்து, தக்ளியை வலப்புறமாகச் சுழற்றுங்கள்.

• முதல் வாரம் தொங்கவிட்டு நூற்க வேண்டாம். முறுக்கு ஏறியதும் தக்ளியை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் இழையை மெல்ல இழுக்கலாம். இழுத்தபின்தான் அந்தப் பகுதிக்குள் முறுக்கை விட வேண்டும்.

நூல் பிரிந்து அறுந்தால் முறுக்கு போதவில்லை என்று பொருள். முடிச்சு முடிச்சாகச் சுருண்டால் முறுக்கு மிகுதி.

சமவெளியில் பருத்தியைப் பயன்படுத்தலாம். பருத்தி இழை குட்டையானது. தக்ளியின் எடையைத் தாங்காது. எனவே சிறிய, எடை குறைந்த தக்ளியின் நுனியைக் கொட்டாங்குச்சியில் ஊன்றிச் சுழற்றுங்கள். இலவம் பஞ்சு நூற்பதற்கு உதவாது. பருத்தி இழை காயும்போது நாடாபோல் முறுக்கிக்கொள்வதால் ஒன்றையொன்று பற்றுகிறது; இலவ இழையோ வழுவழுப்பானது. இரண்டையும் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து நூற்கச் சொல்லுங்கள். உராய்வு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒட்டுத்துணிப் போர்வை

எங்கள் வகுப்பில் 32 பேர். ஆளுக்கு மூன்று சதுரம் என 96 சதுரங்கள். ஒவ்வொன்றும் தைத்தபின் 12 செ.மீ. பக்கம் இருக்க வேண்டும். 8 வரிசை, 12 நிரல் என அடுக்கினால் 96 செ.மீ. அகலமும் 144 செ.மீ. நீளமும் உள்ள போர்வை கிடைக்கும்.

துணியை எந்த அளவில் வெட்டுவது? பிள்ளைகள் உடனே 12 செ.மீ. என்பார்கள். நான்கு பக்கமும் தையலுக்கு 1 செ.மீ. போனால் மிஞ்சுவது 10 செ.மீ.தான். போர்வை 80 × 120 ஆகச் சுருங்கும். பரப்பளவு 13,824 ச.செ.மீ.க்குப் பதில் 9,600 ச.செ.மீ. ஏறத்தாழ 30 விழுக்காடு இழப்பு. எனவே 14 செ.மீ. வெட்ட வேண்டும் என்பதை அவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள். இழப்பு விழுக்காடு இப்படிப் புரிந்தபின் மறப்பதில்லை.

வெட்டும் முன் துணியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூலைவாக்கிலும் இழுத்துப் பார்க்கட்டும். மூலைவாக்கில்தான் அதிகம் நீளும். ஆகவே சதுரத்தின் ஓரங்கள் நூலோட்டத்துக்கு இணையாக அமைய வேண்டும்.

சதுரங்களைப் பின் தையலால் இணையுங்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவே பழைய பருத்திப் புடவை இரண்டு மடிப்பு, அடியில் இன்னொரு துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டுத் தையல் போட்டால் சுருக்கம் விழாது. வங்காளத்தின் காந்தா போர்வையும் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டதே.

பல மெல்லிய துணிகள் ஏன் குளிரைத் தடுக்கின்றன? ஒரே அளவு வெந்நீர் உள்ள இரண்டு டம்ளர்களில் ஒன்றை அப்படியே வைத்து, மற்றதில் மூன்று சுற்றுத் துணி சுற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். இடையில் சிக்கிய காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது என்பதை அங்கிருந்து விளக்கலாம்.

ஊசி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். கணக்கு சரியாகும்வரை யாரும் இடத்தை விட்டு எழக் கூடாது.

சட்டைப் பொத்தான்

போர்வைக்கு நேரமில்லை என்றால் பொத்தான் தைப்பதை மட்டுமாவது கற்றுக்கொடுங்கள். பொத்தான் அறுந்தது, பாவாடை ஓரம் பிரிந்தது என்று வெட்கப்பட்டு வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெற்றோர் விடிகாலையிலேயே தோட்ட வேலைக்குப் போய்விடும் வீடுகளில் அதைத் தைத்துத்தர ஆள் இருக்காது. எங்கள் வகுப்பு அலமாரியில் ஓர் ஊசி, வெள்ளை நூல், பத்துப் பொத்தான்கள் கொண்ட டப்பா இருக்கிறது. "தையல் பொண்ணுங்க வேலை" என்று முதல் வாரம் சிரித்த பையன்கள்தான் இப்போது அதை அதிகம் கேட்டு வாங்குகிறார்கள்.

நாங்கள் தைத்த முதல் போர்வை பக்கத்து அங்கன்வாடியில் இருக்கிறது. மதியம் உறங்கும் குழந்தைகளுக்கு அதைப் போர்த்துகிறார்கள். தங்கள் சதுரம் எது என்று எங்கள் பிள்ளைகள் இன்றும் போய்த் தேடிப் பார்க்கிறார்கள்.