சட்டத்தரணி அல்லாதோரும் வழக்குரைக்கலாம்

அமெரிக்காவில் அங்கவீனர் உதவிப்பணம் மறுக்கப்பட்டதும் மனஞ்சோர்ந்து வீட்டோடு முடங்குவோர் எம்மவரிடையே உளர். மேன்முறையிட 60 நாட்களே உண்டு. தக்க காரணமின்றி அது கடந்தால் உரிமை கைநழுவும்.

அவர்களுக்காகச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் முன் வழக்குரைக்கச் சட்டத்தரணியாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. பட்டமோ அதற்கீடான அனுபவமோ உடையோர், ஐவருக்கேனும் பிரதிநிதியாகிப் பழகி, பரீட்சையிலும் பின்னணிச் சோதனையிலும் தேறி, தொழிற்பொறுப்புக் காப்புறுதியும் பெற்றால், நிர்வாகமே கட்டணத்தை நேரே செலுத்தும். 2004ஆம் ஆண்டுச் சட்டம் பரீட்சார்த்தமாகத் திறக்க வழிசெய்த இவ்வாயில் 2010இல் நிரந்தரமாயிற்று.

கட்டண உடன்படிக்கையின்படி, வென்றாலே ஊதியம்: நிலுவைப் பணத்தில் 25 வீதம், அதன் உச்சவரம்பு 2024 நவம்பரில் 9,200 டொலராக உயர்ந்தது. சமஷ்டி நீதிமன்றம் மட்டும் சட்டத்தரணிகளுக்கே உரியது.

விரிவுரை மண்டபங்களை நாம் இழந்தோம். ஆயினும் மருத்துவ அறிக்கையை ஊன்றி வாசித்து, நாரி முறிந்த தொழிலாளியின் வலியை நீதிபதிக்கு விளங்க எடுத்துரைக்கும் ஆற்றலை இழந்தோமல்லோம். பெட்டியடியில் கிடக்கும் பட்டச் சான்றிதழை வெளியே எடுப்போம்.